வைகையில் ஏறி காவிரிக்கு

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி மக்களே, அதான் இந்தப் பக்கமே வர முடியல. இன்னைக்கு எழுதப் போறது பயணக் கட்டுரைன்னு நெனச்சு வந்தீங்கன்னா ஏமாந்து போவீங்க. இது திட்டக் கட்டுரை. ஒரே ஒரு நாள் போயிட்டு வந்த பயணம்தான். ஆனா அதுக்குத் திட்டம் போட்ட கதை ஒரு மாசம் ஓடுச்சு. அந்தக் கதையில எனக்கு விழுந்த குட்டு இருக்கே, அதை உங்ககிட்ட சொல்லாம யார்கிட்ட சொல்றது?

தல்லாகுளத்துல பொறந்து வளர்ந்தவனுக்கு ஆறு ஒண்ணும் தூரம் இல்லை. கோரிப்பாளையம் தாண்டி நடந்தா இருபது நிமிஷத்துல வைகை. ஆனா ஆத்துல தண்ணி இருக்குமான்னு கேட்டீங்கன்னா, அது வேற கேள்வி. முக்கால்வாசி நாளு மணலும் புதரும் ஆகாயத்தாமரையும்தான். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வர்றப்ப வைகை அணையில தண்ணி திறந்து விடுவாங்க. அப்ப பாக்கணும் எங்க ஏரியாவை. எதிர்சேவை முடிஞ்சு அழகர் தல்லாகுளம் பெருமாள் கோயிலுக்கு வருவாரு. ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து வந்த ஆண்டாள் மாலையைப் போட்டுக்குவாரு, தங்கக் குதிரை ஏறி ஆத்துக்குக் கிளம்பிடுவாரு. எங்க அம்மாவுக்கு எழுபத்தி நாலு வயசு. அந்த மாலையை இதுவரைக்கும் தவறவிட்டதே இல்லை.

அந்த அம்மா போன வருஷத்துக்கு முந்தின வருஷம், அதாவது 2024 ஆடி மாசத்துல ஒரு நாள், பீர்க்கங்காய் சீவிக்கிட்டே சொன்னாங்க.

"எதிர் வீட்டு அக்கா ஸ்ரீரங்கம் போயிட்டு வந்துருக்கா. காவிரியில ரெண்டு கரையும் தொட்டுத் தண்ணி போகுதாம்ல."

எங்க வீட்டு இலக்கணப்படி அம்மா ஒரு வாக்கியத்தை 'ஆம்ல'ன்னு முடிச்சா அது தகவல் இல்லை, விண்ணப்பம். எனக்கு இது புரியவே நாப்பது வருஷம் ஆச்சு. நான் ஒண்ணும் சொல்லலைன்னதும் அடுத்த வாக்கியம் வந்துச்சு.

"ஆண்டாள் மாலை வருஷா வருஷம் நம்ம தெருவுக்கு வருது. அவ போய்ச் சேர்ந்த ஊரை நான் இன்னும் பாக்கல."

மதுரைக்கும் திருச்சிக்கும் நூத்தி முப்பத்தஞ்சு கிலோமீட்டர் வாக்குல தூரம். நாலுவழிச் சாலையில ரெண்டரை மணி நேரம். எழுபத்தி நாலு வருஷத்துல அம்மா அங்க போனதில்லை. அப்பா இருந்த வரைக்கும் "ரிட்டயர் ஆகட்டும்"னாரு. ரிட்டயர் ஆனதும் "வெயில் குறையட்டும்"னாரு. 2016-ல அவரே போயிட்டாரு. அதுக்கப்புறம் 'அடுத்த லீவுக்குப் பாப்போம்'னு சொல்ற வேலையை நான் எடுத்துக்கிட்டேன்.

சரி, இந்தத் தடவை விடக்கூடாதுன்னு அன்னைக்கு ராத்திரியே கம்ப்யூட்டரைத் திறந்து எக்செல்ல உக்காந்தேன். நமக்குத்தான் எதையும் கட்டம் போட்டு எழுதலைன்னா தூக்கம் வராதே. இதோ முதல் திட்டம்:

காலை 5.00 – கார்ல கிளம்புறது
6.45 – விராலிமலை, மயில் பாக்குறது
8.15 – முக்கொம்பு
10.00 – ஸ்ரீரங்கம் கோயில்
12.00 – திருவானைக்காவல் உச்சிக்கால பூஜை
1.30 – சாப்பாடு
2.30 – சமயபுரம்
4.30 – கல்லணை
6.30 – மலைக்கோட்டை
இரவு 10.30 – தல்லாகுளம்

ஏழு இடம், ஒரே நாள். சினிமாவுல பாட்டுக்கு நடுவுல காட்சி மாறுற மாதிரி இருந்துச்சு, எனக்கே பெருமை தாங்கல. பிரிண்ட் எடுத்து தங்கமணி கையில குடுத்தேன். அவ மேல இருந்து கீழ வரைக்கும் படிச்சுட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டா.

"அத்தையைக் கூட்டிட்டுப் போறீங்களா, இல்ல அவங்களை யாராவது தொரத்துறாங்களா?"

மலைக்கோட்டைக்கு நானூறு படிக்கு மேல இருக்கு, அம்மாவுக்கு ரெண்டு முட்டியும் தேய்மானம். இதை யோசிக்காமலா போட்டேன்? யோசிக்காமதான் போட்டேன். அடிச்சுட்டேன். சமயபுரம் கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம், அதையும் அடிச்சேன். அஞ்சு இடம்.

மறுநாள் அம்மாகிட்ட விளக்கம் சொல்ல உக்காந்தேன். ஸ்ரீரங்கம் ஒரு தீவுன்னு ஆரம்பிச்சதும் அம்மா நிறுத்திட்டாங்க.

"தீவுன்னா கடல்ல தானடா இருக்கும், ராமேஸ்வரம் மாதிரி?"

"ஆத்துக்குள்ளயும் இருக்கும்மா. தலை வாரும்போது வகிடு எடுத்து ரெண்டா பிரிக்கிறீங்கல்ல, அந்த மாதிரி காவிரி முக்கொம்புல ரெண்டாப் பிரியுது. வடக்க போறது கொள்ளிடம், தெக்க போறது காவிரி. கீழ கல்லணைக்கிட்ட ரெண்டும் மறுபடி பக்கத்துல வந்துருது. நடுவுல இருக்குற முப்பது கிலோமீட்டர் வாக்குல உள்ள நிலம்தான் தீவு. ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும் அதுக்குள்ளதான்."

அப்புறம் நமக்குப் பிடிச்ச சப்ஜெக்ட்டாச்சேன்னு கொஞ்சம் நீட்டினேன். கொள்ளிடம் பள்ளத்துல ஓடுது, காவிரி மேட்டுல. அதனால தண்ணியெல்லாம் கொள்ளிடத்துப் பக்கமே சரிஞ்சு, காவிரி மணல் மேடாகி, தஞ்சாவூர்ப் பக்கம் வயலுக்குத் தண்ணி கொறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. 1836-ல ஆர்தர் காட்டன்கிற வெள்ளைக்கார எஞ்சினியர் முக்கொம்புல கொள்ளிடத்துக்குக் குறுக்க ஒரு அணை கட்ட ஆரம்பிச்சாரு. நீர்மட்டத்தை உசத்திக் காவிரிப் பக்கம் தண்ணியைத் திருப்புறதுக்குத்தான். அதுக்கு அவரு பாடம் படிச்சது கரிகாலன் கட்டுன கல்லணையைப் பாத்து. ஆத்து மணல்ல எப்படி அஸ்திவாரம் நிக்கும்னு நம்ம ஆளுங்க ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு மேல முன்னாடியே செஞ்சு காட்டியிருந்தாங்க. அந்த முக்கொம்பு மேலணையில மதகு 45. 2018 ஆகஸ்ட் 22 ராத்திரி வெள்ளத்துல அதுல 9 மதகு அடிச்சுட்டுப் போயிருச்சு. இப்ப பக்கத்துலயே புதுசா கதவணை கட்டியிருக்காங்க.

அம்மா முழுசாக் கேட்டுட்டு பீர்க்கங்காய்த் தோலை ஓரமா ஒதுக்குனாங்க.

"பள்ளத்துல நிக்கிற பிள்ளை தானா எடுத்துக்கும். மேட்டுல நிக்கிற பிள்ளைக்கு நாமதான் பாத்து எடுத்து வைக்கணும். வீட்டுலயும் அப்படித்தான்."

காட்டன் துரை கேட்டிருந்தா அறிக்கையிலயே சேத்திருப்பாரு.

எல்லாம் நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு. அம்மாவும் தலையாட்டுனாங்க. ஆனா ரெண்டு நாள் கழிச்சு, "எதுக்குடா அவ்வளவு செலவு? டிவியில காட்டுறான்ல, பாத்துக்கலாம்"னாங்க. விண்ணப்பம் வாபஸ். எனக்கு ஒண்ணும் புரியல. செலவைப் பத்தி அம்மாகிட்ட நான் மூச்சே விடலையே?

அன்னைக்கு ராத்திரி தங்கமணிதான் போட்டு உடைச்சா.

"நீங்க அவங்களுக்குக் கல்லணை கதையெல்லாம் சொன்னீங்கல்ல, நீங்க ஆபீஸ் போனதும் அவங்க என்கிட்ட கேட்ட கேள்வி என்ன தெரியுமா? 'அங்கிட்டெல்லாம் ஒதுங்க இடம் இருக்குமாத்தா?'ன்னு. எனக்குத் தெரியலைன்னேன். அவ்வளவுதான், வேண்டாம்னுட்டாங்க."

"அதை என்கிட்ட கேக்க வேண்டியதுதானே?"

"அத்தை உங்ககிட்ட கேப்பாங்களா? அவங்க மாமாகிட்டயே கேட்டதில்லையாம். வெளிய போறதுன்னா முந்தின நாள் ராத்திரியில இருந்தே தண்ணி குடிக்க மாட்டாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாதுங்க. சத்தியமாத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சதெல்லாம், "பஸ்ல தண்ணி குடிச்சா எனக்கு வாந்தி வரும்"னு அம்மா சொல்வாங்க என்பதுதான். சின்ன வயசுல பழனி போனப்பவும் அதைத்தான் சொன்னாங்க, அக்கா கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கக் காஞ்சிபுரம் போனப்பவும் அதைத்தான் சொன்னாங்க. பஸ் எங்கயாவது நின்னா நானும் அப்பாவும் இறங்கி ஓரமா நின்னுட்டு வந்து ஏறிக்குவோம். அம்மா சீட்டுலயே உக்காந்திருப்பாங்க. பை பாத்துக்கிறாங்கன்னு நெனச்சிருந்தேன். நாப்பது வருஷமா நான் நம்புன பொய் அது.

அப்பத்தான் இன்னொண்ணு உறைச்சுச்சு. இதை எழுதலாமா வேண்டாமான்னு ரொம்ப யோசிச்சேன். எழுதிடுறேன்.

கொஞ்சம் கொசுவத்தியைச் சுத்துவோம். 2019-ல குடும்பத்தோட குத்தாலம் போனோம். காலையில கிளம்பி, அருவி அருவியா சுத்திட்டு, ராத்திரி வீடு திரும்பினோம். அம்மா குளிக்கக்கூட இல்லை, ஈரத்துல நின்னு பாத்துட்டு வந்தாங்க. மூணாம் நாள் காய்ச்சல். நாலாம் நாள் சாயங்காலம் நான் வேலை முடிஞ்சு வந்ததும் அம்மா வாசலைப் பாத்துக்கிட்டே, "உங்கப்பா எங்கடா? இன்னும் ஆபீஸ்ல இருந்து வரல?"ன்னாங்க.

அப்பா போய் மூணு வருஷம் ஆகியிருந்துச்சு.

எனக்குக் கை கால் ஓடல. பக்கவாதமோ, மறதி நோயோன்னு என்னென்னவோ நெனச்சு ஆட்டோவுல தூக்கிப் போட்டுக்கிட்டு ஓடினோம். ராத்திரி பூரா அம்மா அப்பாவைத் தேடிக்கிட்டே இருந்தாங்க. அவருக்குச் சாப்பாடு எடுத்து வைக்கணும்னு கட்டில்ல இருந்து இறங்கப் பாத்தாங்க. காலையில ரிசல்ட் பாத்துட்டு டாக்டர் சொன்னாரு, சிறுநீர்ல கிருமித்தொற்று, வயசானவங்களுக்கு இந்தத் தொற்று வந்தா இப்படி மனசு குழம்புறது உண்டு, மருந்துல சரியாயிடும்னு. சரியாயிருச்சு. அஞ்சாவது நாள் வீட்டுக்கு வந்துட்டாங்க. "தண்ணி நிறையக் குடிங்கம்மா, அடக்கி வைக்காதீங்க"ன்னு டாக்டர் சொன்னதுக்கு அம்மா நல்ல பிள்ளையாத் தலையாட்டுனாங்க. நானும் வீட்டுக்கு வந்து, "குத்தாலத்துத் தண்ணி ஒத்துக்கல"ன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

ஒத்துக்காம போனது குத்தாலத்துத் தண்ணி இல்லை. அன்னைக்குப் பூரா அம்மா ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கல, போகவும் இல்லை. அஞ்சருவி, பேரருவின்னு நான் காட்டிக்கிட்டே போன அத்தனை தண்ணிக்கும் நடுவுல நாக்கு வறண்டு நின்னுருக்காங்க. அதே மாதிரி இன்னொரு நாளைத்தான் நான் இப்ப ஏழு இடம் போட்டு பிரிண்ட் எடுத்து வச்சிருந்தேன்.

அந்த எக்செல்லை மூடிட்டுப் புதுசா ஒண்ணு திறந்தேன். முதல் கட்டத்துல ஊர் பேர் இல்லை. 'பாத்ரூம்'னு போட்டேன்.

இதுல இறங்கினப்பறம்தான் தெரிஞ்சுச்சு, இது ஒரு தனி உலகம். கார்ல போனா எங்க வேணா நிறுத்தலாம்னு நாம சொல்லுவோம். எங்க வேணா நிறுத்தலாம், ஆம்பளைக்கு. டோல்கேட்ல, பெட்ரோல் பங்க்ல கழிப்பறை இருக்கும். ஆனா அம்மாவால கீழ உக்கார முடியாது, முட்டி மடங்காது. மேல்நாட்டு மாடல் வேணும். பிடிச்சு எந்திரிக்க சுவத்துல ஏதாவது இருக்கணும். தரை வழுக்கக் கூடாது. படி ஏறக் கூடாது. இத்தனையும் சேத்து ஒரு இடம் தேடிப் பாருங்க, புரியும்.

திருச்சியில ஒரு நண்பர் இருக்காரு, கல்லூரிக் காலத்துல இருந்து பழக்கம். அவருக்குப் போன் போட்டு, "ஸ்ரீரங்கத்துல நல்ல பாத்ரூம் எங்கய்யா இருக்கு?"ன்னேன். அவரு அரை நிமிஷம் சிரிச்சாரு. விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்னுபோச்சு. "எங்கம்மாவும் வெளிய தண்ணி குடிக்க மாட்டாங்கடா"ன்னாரு. அப்புறம் ரெண்டு பேருமே கொஞ்ச நேரம் பேசல.

அவரு சொன்ன யோசனைதான், கோயில் பக்கத்துல பகலுக்கு ஒரு ரூம் போட்டுரு. ராத்திரி தங்கத்தான் ரூம்னு யாரு சொன்னா? வந்து இறங்கினதும் ரூம், ஆத்துக்குப் போயிட்டு ரூம், சாப்பிட்டு ரூம், கோயிலுக்குப் போயிட்டு ரூம். கொள்ளிடக் கரையோரம் கோயிலோட யாத்ரி நிவாஸ் இருக்கு, கோயிலைச் சுத்தியும் சின்னச் சின்ன லாட்ஜ் நிறைய. நான் ஒவ்வொண்ணாப் போன் பண்ணிக் கேட்டேன். "தரைத்தளத்துல ரூம் இருக்குங்களா? வெஸ்டர்னா? வாசல்ல படி எத்தனை?" ஒருத்தர், "சார், ஏசி இருக்கு, டிவியில எல்லா சேனலும் வரும் சார்"னாரு. "படி எத்தனைங்க?"ன்னேன். "மாடியில வியூ நல்லா இருக்கும் சார்"னாரு. கடைசியில ஒரு சின்ன லாட்ஜ்ல, எழுந்து போய் எண்ணிப் பாத்துட்டு வந்து "ரெண்டு படி சார், சின்னப் படிதான்"னு ஒரு அண்ணன் சொன்னாரு. அங்கயே புக் பண்ணேன். பகல் நேரத்துக்கு ரூம் வாடகையான்னு மனசு கணக்குப் போட்டுச்சு. தங்கமணி, "ஆஸ்பத்திரி பில்லு பீரோவுலதான் இருக்கு, எடுத்துத் தரவா?"ன்னா. கணக்கு நின்னுருச்சு.

அடுத்தது காரா, ரயிலா. இதை அம்மாகிட்டயே நேரடியாக் கேட்டேன். "அம்மா, கார்ல போனா வழியில பாத்ரூம் தேடணும். ரயில்ல இருக்கு. எது வசதி?"ன்னேன். அம்மா என்னை ஒரு பார்வை பாத்தாங்க. இந்தப் பய இதையெல்லாம் பேசுவானாங்கிற பார்வை. அப்புறம் தங்கமணியை முறைச்சாங்க. அப்புறம் மெதுவா, "ரயில்னா பாத்ரூம் கூடவே வருதுல்ல"ன்னாங்க.

ரயில்னா வைகை எக்ஸ்பிரஸ்தான். காலையில ஏழு மணிக்கு முன்னாடி மதுரையில கிளம்பும், திருச்சியைத் தாண்டி ஸ்ரீரங்கம் ஸ்டேஷன்லயே நிக்கும். சாயங்காலம் சென்னையில இருந்து வர்ற வைகையில ஏறினா ராத்திரி மதுரை. வைகையில ஏறி காவிரிக்குப் போய், வைகையிலயே திரும்பலாம். யோசிச்சுப் பாருங்க, நம்ம வைகையில இதை விட அதிகமா எப்ப ஆள் போயிருக்காங்க? :-)

தேதி ஒரு பெரிய தலைவலி. மேட்டூர் அணையை வழக்கமா ஜூன் 12-ல திறக்கணும். அணையில தண்ணி இல்லைன்னா அந்தத் தேதி தள்ளிப் போயிரும். 2024-ல ஜூலை 28-லதான் திறந்தாங்க, ரெண்டே நாள்ல அணை 120 அடி நிரம்பிருச்சு. அதனால காலண்டரைப் பாக்காம மேட்டூர் நீர்மட்டத்தைப் பாத்துத் தேதி குறிங்க. ஆடி அமாவாசையும் ஆடிப்பெருக்கும் காவிரிக்கரையில பாக்க வேண்டிய நாள்தான், ஆனா முட்டி வலிக்காரங்களைக் கூட்டிட்டுப் போற நாள் இல்லை. அம்மா மண்டபத்துப் படித்துறையில கால் வைக்க இடம் இருக்காது. தண்ணி ரொம்ப வந்தா ஆத்துல இறங்கவும் விட மாட்டாங்க. சனி ஞாயிறும் வேண்டாம்னு, ஆகஸ்ட் மூணாவது வாரத்துல ஒரு வேலை நாளாப் பாத்து லீவு போட்டேன்.

இடம்? ஏழு அஞ்சாச்சுன்னு சொன்னேன்ல. ரயில்னு ஆனதும் விராலிமலை போச்சு. முக்கொம்பு திருச்சிக்கு மேற்க, கல்லணை கிழக்க, ரெண்டையும் அடிச்சேன். கல்லணையை அடிக்கும்போது எனக்குத்தான் நெஞ்சு வலிச்சுச்சு. அம்மா, "நீ தனியாப் போய்ப் பாத்துட்டு வந்து கதை சொல்லு"ன்னாங்க. திருவானைக்காவல்ல உச்சிக்காலத்துக்கு அர்ச்சகர் புடவை கட்டி அம்பாளா வந்து சுவாமிக்குப் பூஜை பண்றது அபூர்வமான காட்சி, விட மனசில்லை. ஆனா அந்த நேரத்துக்குப் போனா அம்மாவுக்கு மத்தியானத் தூக்கம் போயிரும். அதையும் அடிச்சேன். மிச்சம் ரெண்டு. ஆறு, கோயில். முதல் திட்டத்தோட பிரிண்ட் பின்பக்கத்துலயே புதுத் திட்டத்தை எழுதினேன். நாலு வரிதான் வந்துச்சு.

அன்னைக்கு நடந்தது இனி.

வைகையில ஏறினதும் தங்கமணி முதல் வேலையா ரெண்டு கழிப்பறையையும் போய்ப் பாத்துட்டு வந்து, "வெஸ்டர்ன் இருக்கு, சுத்தமா இருக்கு, பிடிக்கக் கம்பி இருக்கு அத்தை"ன்னு ரிப்போர்ட் குடுத்தா. திண்டுக்கல்ல டீக்காரர் வந்தாரு. நான் எப்பவும் போல ரெண்டு டீன்னு சொல்ல வாயெடுத்தேன். அம்மா, "எனக்கும் ஒண்ணு"ன்னாங்க. ரயில்ல அம்மா டீ குடிச்சு நான் அன்னைக்குத்தான் பாத்தேன். மணப்பாறைக்குள்ள ஒரு தடவை எந்திரிச்சுப் போயிட்டும் வந்தாங்க. தங்கமணி கூடப் போனா. நான் ஜன்னல் வழியா வெளிய பாக்குற மாதிரி உக்காந்திருந்தேன்.

திருச்சி டவுனைத் தாண்டி ரயில் காவிரிப் பாலத்துல ஏறிச்சு. கீழ தண்ணி. மணல் திட்டு இல்லை, புதர் இல்லை, நிஜமாவே இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் தண்ணி. தாமிரபரணி, குமரின்னு பாத்தவங்களுக்கு இது பெருசாத் தெரியாது. தல்லாகுளத்துக்காரங்களுக்குத் தெரியும். அம்மா ஒண்ணும் பேசல. என் மணிக்கட்டைப் பிடிச்சவங்க, பாலம் முடியுற வரைக்கும் விடல.

ரூமுக்குப் போய், இட்லி சாப்பிட்டு, ஆட்டோவுல அம்மா மண்டபம். தர்ப்பணம் குடுக்குறவங்க, குளிக்கிறவங்க, எல்லாம் அளவான கூட்டம். ஒரு பக்கம் தங்கமணி, ஒரு பக்கம் நான். அம்மா ஓரமா ஒரு படியில உக்காந்து தண்ணிக்குள்ள காலை விட்டாங்க. கலங்கின செம்மண் நிறத்துல தண்ணி, கொலுசு கிட்ட சுழிச்சுக்கிட்டுப் போச்சு. தல்லாகுளத்துல வாங்கிட்டு வந்த மல்லிகைப்பூவைக் கிள்ளி கொஞ்சம் கொஞ்சமா ஆத்துல விட்டாங்க.

"இது எதுவரைக்கும்டா போகும்?"

"கல்லணை வரைக்கும் போகும்மா. அங்க மதகு திறந்திருந்தா தஞ்சாவூருக்கே போகும்."

ஒரு மணி நேரம் அப்படியே உக்காந்திருந்தோம். முதல் திட்டப்படி அந்த நேரத்துக்கு நாங்க மூணாவது இடத்துல வேர்த்து ஒழுகிக்கிட்டு நின்னுருக்கணும். நடுவுல அம்மா பையில இருந்து பாட்டிலை எடுத்து, அண்ணாந்து, மடக் மடக்குன்னு பாதி பாட்டில் குடிச்சாங்க. எதுவும் சொல்லல. மூடியைத் திருகிப் பைக்குள்ள வச்சுட்டுத் திரும்ப ஆத்தைப் பாத்தாங்க. எனக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு. ஒரு அம்மா தண்ணி குடிக்கிறதைப் பாத்து அழுதவன் ஊருலயே நானாத்தான் இருப்பேன்.

மத்தியானம் ரூம்ல அம்மா குறட்டை விட்டுத் தூங்குனாங்க. சாயங்காலக் கோயில் பத்தி நிறையச் சொல்லலாம். ஏழு பிரகாரம், 21 கோபுரம், நானூறு வருஷத்துக்கு மேல மொட்டையா நின்னு 1987-ல முடிஞ்ச 236 அடி ராஜகோபுரம்னு. அதையெல்லாம் நீங்க நல்லாவே எழுதியிருக்கீங்க, விட்டுடுறேன். வயசானவங்களுக்கு பேட்டரி காரும் சக்கர நாற்காலியும் இருக்கு, கேட்டு வாங்கிக்கோங்க. ஆண்டாளோட ரங்கநாதரைப் பாத்துட்டு வந்த அம்மா, "நல்லா நீட்டிப் படுத்திருக்காரு. அவருக்கு முட்டி வலி இல்லை"ன்னாங்க.

இப்ப உங்களுக்கு ஒரு வேண்டுகோள் மக்களே. நாம எல்லாரும் பயணப் பதிவு எழுதுறோம். எந்தக் கடையில பொங்கல் நல்லா இருக்கும், எந்த இடத்துல நின்னா போட்டோ நல்லா வரும், எல்லாம் எழுதுறோம். நானும் எழுதியிருக்கேன், குத்தாலத்தைப் பத்தி மூணு பாகம் எழுதினவன்தான். அதுல எங்கயாவது கழிப்பறை எங்க இருக்கு, எப்படி இருக்குன்னு ஒரு வரி இருக்கான்னு தேடிப் பாத்தேன். இல்லை. இனிமே அந்த ஒரு வரியைச் சேத்து எழுதுங்கய்யா. அதைப் படிச்சுட்டு எங்கயோ ஒரு அம்மா 'போகலாம்'னு சொல்லுவாங்க. அதே மாதிரி உங்க வீட்டுல யாராவது "பஸ்ல தண்ணி குடிச்சா எனக்கு ஒத்துக்காது"ன்னு சொன்னா, நம்பிறாதீங்க.

திரும்பி வர்றப்ப வைகையில நல்ல கூட்டம். தங்கமணி தூங்கிட்டா. திண்டுக்கல் தாண்டுனதும் அம்மா என் பக்கம் சாஞ்சு, ரகசியம் பேசுற மாதிரி கேட்டாங்க.

"ஏன்டா, அந்தப் பூவு இந்நேரம் போயிருக்கும்ல?"

"எங்கம்மா?"

"கல்லணைக்குத்தான். அங்கிட்டு பாத்ரூம் இருக்குமாம்ல?"